"ஆல் பட் டூ" மெயிலும் தண்டையார்பேட்டை மாடி வகுப்பும்

சென்னை மண்ணடியில், சரக்குக்குக் கஸ்டம்ஸ் வேலை முடித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் பதினோரு வருஷமாக ஏற்றுமதி டாக்குமென்ட் வேலை பார்க்கிறேன். ஷிப்பிங் பில் (கஸ்டம்ஸுக்கு ஏற்றுமதி விவரம் சொல்லும் படிவம்) போடுவது, பி.எல். (பில் ஆஃப் லேடிங், சரக்குக்குக் கப்பல் கம்பெனி தரும் ரசீது) டிராஃப்ட் சரிபார்ப்பது, லைன்காரர்களுக்கும் (கப்பல் கம்பெனிக்காரர்கள்) சிஎஃப்எஸ்ஸுக்கும் (கண்டெய்னர் சரக்கைக் கையாளும் கிடங்கு) மெயில் அனுப்புவது என்று காலை முதல் இரவு வரை இங்கிலீஷோடுதான் பிழைப்பு. படித்தது மாநகராட்சிப் பள்ளியில், தமிழ் மீடியம். ஆனாலும் ஆபீஸ் இங்கிலீஷ் கைவந்துவிட்டது என்றுதான் போன வருஷம் வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

போன ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஆம்பூரிலிருந்து ஆறு கண்டெய்னர் ஷூ, மறுநாள் கப்பல். சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு மெயில் வந்தது. "ஆல் பட் டூ ஆஃப் யுவர் சிக்ஸ் கண்டெய்னர்ஸ் ஹாவ் பீன் கிளியர்டு ஃபார் லோடிங்." ஆல் என்பது கண்ணில் பட்டது, கிளியர்டு என்பதும் பட்டது. அடுத்த நிமிஷம் ஆம்பூருக்கு போன் போட்டு, "அண்ணே, எல்லாம் கிளியர், நிம்மதியா தூங்குங்க" என்று சொல்லிவிட்டேன். நான்கு பாக்ஸ்தான் ஏறியது. இரண்டு ஷட் அவுட், அதாவது கப்பலில் ஏற்றாமல் விட்டுவிட்டார்கள். அந்த இரண்டிலும் சீல் நம்பர் மாறியிருந்தது, அவ்வளவுதான் விஷயம். அன்றைக்கே கவனித்திருந்தால் அரை மணி நேரத்தில் திருத்தி அனுப்பியிருக்கலாம். அடுத்த கப்பல் எட்டு நாள் கழித்து. மேனேஜர் அந்த மெயிலை பிரின்ட் எடுத்து என் மேஜைமேல் வைத்து, "என்னப்பா, ரெண்டு போகலைன்னு இதுலயே எழுதியிருக்கே?" என்றார். நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த வரியில் "இல்லை" என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. எங்கே எழுதியிருக்கிறது என்று அப்போதும் எனக்குப் புரியவில்லை. அதுதான் என்னை உலுக்கிவிட்டது.

இந்த விமர்சனம் தண்டையார்பேட்டையில் ஒரு ரிட்டயர்டு டீச்சர் நடத்தும் மாலை வகுப்பைப் பற்றியது. எட்டு மாதமாகப் போகிறேன். வகுப்புக்குப் பெயர்ப்பலகை இல்லை. டீச்சர் தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

இதற்கு முன்னால் ஒரு பெரிய இன்ஸ்டிட்யூட்டில் மூன்று மாதத்துக்குப் பதினான்காயிரம் கட்டினேன். ஏசி, புரொஜெக்டர், கழுத்தில் மாட்ட ஐடி கார்டு எல்லாம் கொடுத்தார்கள். செல்ஃப் இன்ட்ரொடக்ஷன், இன்டர்வியூவில் எப்படி உட்காருவது, குரூப் டிஸ்கஷன். வேலை தேடுகிற பையன்களுக்கு அது பயன்படலாம். என் மெயிலைக் காட்டி அர்த்தம் கேட்டபோது, "இதெல்லாம் அட்வான்ஸ்டு, அடுத்த லெவல்ல வரும்" என்றார்கள். அடுத்த லெவலுக்குத் தனிப் பணம்.

எங்கள் ஆபீஸ் பையன் ஒருவனின் அக்கா நர்ஸ். அவர்தான் இந்த வகுப்பைச் சொன்னார். தண்டையார்பேட்டை மெட்ரோவில் இறங்கி டி.எச். ரோட்டிலிருந்து (திருவொற்றியூர் ஹை ரோடு) உள்ளே திரும்பினால் ஐந்து நிமிஷ நடை. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோவை நீட்டிய பிறகு எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது பெரிய வசதி. மண்ணடியில் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன். கீழே மாவு மில். ஏறும்போதே மிளகாய்த்தூள் நெடி தும்ம வைக்கும். மொட்டை மாடியில் ஷீட் போட்ட ஓர் அறை, ஒரு கரும்பலகை, பதினான்கு பிளாஸ்டிக் நாற்காலி, இரண்டு மின்விசிறி. திங்கள், புதன், வெள்ளி, இரவு ஏழேகால் முதல் எட்டே முக்கால் வரை. மாதம் 800 ரூபாய்.

முதல் நாள் டீச்சர் என்னிடம் கேட்ட கேள்வி, "எந்த வாக்கியத்துல மாட்டிக்கிட்டு வந்தே?" என்பதுதான். மடித்து வைத்திருந்த அந்த பிரின்ட் அவுட்டை எடுத்துக் கொடுத்தேன். அப்படியே பலகையில் எழுதினார்.

"பட்னா என்னப்பா?"

"ஆனால், டீச்சர்."

"சரி, ஆனால்னு போட்டுப் படி."

"எல்லாம் ஆனால் இரண்டு உங்கள் ஆறு கண்டெய்னரில்…"

"அர்த்தம் வருதா?"

"வரல டீச்சர்."

"வரலைன்னா அங்கேயே நின்னிருக்கணும்ல? அர்த்தம் வராத வாக்கியத்தைத் தாண்டி எப்படி போன் பண்ணினே?"

திட்டுவதுபோல் சொல்லவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் யோசித்துப் பதில் சொன்னேன். எனக்குத் தெரிந்த இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டு, நடுவில் இருந்ததை என் எதிர்பார்ப்பை வைத்து நிரப்பிக்கொண்டேன். டீச்சர் தலையாட்டிவிட்டு, "எல்லாரும் அப்படித்தான் படிக்கிறோம். இங்க அதைத்தான் நிறுத்தப்போறோம்" என்றார்.

அப்புறம் பட் என்ற சொல்லுக்கு அந்த ஒன்றரை மணி நேரம் முழுக்கச் செலவானது. பழைய இங்கிலீஷில் அந்தச் சொல்லுக்கு "வெளியே" என்றுதான் பொருளாம். வெளியே, அதாவது சேர்க்காமல், அதாவது தவிர. "ஆனால்" என்ற பொருள் பிறகு வந்து சேர்ந்தது. எனவே ஆல் பட் டூ என்றால் இரண்டு தவிர எல்லாம். "தவிர" என்று தமிழில் சொன்னாலே அந்த இரண்டும் வெளியே நிற்பது கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது, "இல்லை" என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மேனேஜருக்குத் தெரிந்ததும் எனக்குத் தெரியாததும் அதுதான்.

அதே சாவியை வைத்து டீச்சர் இன்னும் மூன்று பூட்டைத் திறந்தார். நத்திங் பட் டிலே என்றால் தாமதம் தவிர வேறெதுவும் இல்லை, ஆகவே தாமதம்தான். எனிதிங் பட் கம்ப்ளீட் என்றால் முழுமை என்பதைத் தவிர வேறு என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள், முழுமை மட்டும் கிடையாது. முன்னது உண்டு என்கிறது, பின்னது சுத்தமாக இல்லை என்கிறது, இரண்டிலும் இருப்பது அதே பட். மூன்றாவது, தி வெசல் ஹாஸ் ஆல் பட் செய்ல்டு. புறப்படுவது ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் ஆகிவிட்டது, அதாவது கிட்டத்தட்டப் புறப்பட்டாச்சு. மெயில் வந்து வெகுநாள் கழித்துத்தான் அந்த ஒரு வரியை முழுதாகப் படித்து முடித்தேன்.

டீச்சரின் முறை இதுதான். அவர் இதை முடிச்சு என்கிறார். ஒவ்வொருவரும் தங்கள் வேலையில் சிக்கிய ஒரு வாக்கியத்தை நோட்டில் எழுதிக்கொண்டு வரவேண்டும். அதைப் பலகையில் போட்டு, அந்த இங்கிலீஷ் சொற்கள் சேர்ந்து செய்கிற வேலையை நம் தமிழில் எந்தச் சொல், எந்த விகுதி செய்கிறது என்று தேடுவோம். தேடிக் கண்டுபிடிப்பது நாங்கள்தான். டீச்சர் "இல்ல", "இன்னும் கிட்ட வா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பார். முப்பத்து மூன்று வருஷம் அரசு உதவி பெறும் பள்ளியில் வேலை பார்த்தவர், அதில் பாதிக்காலம் தமிழும் சேர்த்து எடுத்திருக்கிறார். இங்கிலீஷ் வகுப்பில் தமிழ் பேசினால் ஐந்து ரூபாய் ஃபைன் போடுகிற இடங்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இங்கே தமிழில் சொல்ல முடியாதவனுக்கு அந்த வாக்கியம் புரியவில்லை என்று அர்த்தம்.

எனக்கு மிகவும் பயன்பட்டது நீள வாக்கியங்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்தது. ஒரு சர்வே ரிப்போர்ட்டிலிருந்து நான் கொண்டுபோன வரி (ஷிப்பர் என்பது சரக்கை அனுப்புகிறவர்). "தி கார்கோ ஸ்டஃப்டு அட் தி ஷிப்பர்ஸ் ஃபேக்டரி பை தி லேபரர்ஸ் ஹயர்டு ஃபார் தி டே வாஸ் ஃபவுண்ட் வெட்." ஸ்டஃப்டு வந்த உடனே சரக்கு எதையோ அடைத்தது என்று மனம் வாக்கியத்தை முடித்துவிடுகிறது. பிறகு ஹயர்டு வருகிறது, திரும்பவும் முடிக்கப் பார்க்கிறது. கடைசியில் வாஸ் வரும்போது அதை எங்கே சேர்ப்பதென்று தெரியாமல் தொங்குகிறது.

டீச்சர் எட்டாம் வகுப்புத் தமிழை நினைவுபடுத்தினார். அடைத்த சரக்கு என்றால் அடைத்த என்பது என்ன? பின்னால் உட்கார்ந்திருந்த காசிமேட்டுப் பெண் ஒருத்தி, கல்லூரி முதல் வருஷம் படிக்கிறவள், "பெயரெச்சம்" என்றாள். அடைத்தார்கள் என்றால்? "வினைமுற்று." தமிழில் சொல்லின் வாலைப் பார்த்தாலே இது பெயருக்கு முன்னால் நிற்கிற எச்சமா, வாக்கியத்தை முடிக்கிற முற்றா என்று தெரிந்துவிடும். அடைத்த என்று கேட்டால் யாரும் அங்கே நிற்கமாட்டார்கள், என்ன வருகிறதென்று காத்திருப்பார்கள். இங்கிலீஷில் ஸ்டஃப்டு இரண்டு வேலைக்கும் ஒரே உருவம். அங்கே வாலில் அடையாளம் கிடையாது. கூடவே எச்சம் பெயருக்குப் பின்னால் வருகிறது. நம் காது பழகியதற்கு நேர் எதிர்.

அதற்கு அவர் சொன்ன வழி எளிமையானது. பென்சிலை எடு, வாக்கியத்தில் வினையாகத் தெரிகிற எல்லாவற்றுக்கும் அடிக்கோடு போடு. ஒவ்வொன்றையும் தமிழில் எச்சமாகவும் முற்றாகவும் சொல்லிப் பார். எதை முற்றாகச் சொன்னால் மற்ற எல்லாம் ஒழுங்காக அதன் முன்னால் வந்து நிற்கிறதோ, அதுதான் முற்று. பிறகு முற்றிலிருந்து பின்னால் போ. "அன்றைக்குக் கூலிக்குப் பிடித்த ஆட்கள் ஷிப்பரின் ஃபேக்டரியில் அடைத்த சரக்கு நனைந்திருந்தது." காசிமேட்டுப் பெண் இதைப் பார்த்துவிட்டு, "வலையைக் கடைசி முனையில பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு டீச்சர்" என்றாள். டீச்சர் அதைப் பலகையின் ஓரத்தில் எழுதி வைத்தார். இரண்டு வாரம் அழிக்கவில்லை.

இப்போது ஆபீசில் என் மேஜையில் எப்போதும் ஒரு பென்சில் கிடக்கிறது. நீளமான மெயில் எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்து அடிக்கோடு போட்டுத்தான் படிக்கிறேன். முதலில் ஐந்து நிமிஷம் ஆனது. இப்போது ஒரு நிமிஷத்துக்குள்.

நர்ஸ்கள் நான்கு பேர் வருகிறார்கள். வெளிநாடு போவதற்கு ஓஇடி என்று மருத்துவத் துறைக்காரர்களுக்கான இங்கிலீஷ் தேர்வு எழுதவேண்டும். அதில் நோயாளியோடு பேசுகிற பகுதி ஒன்று உண்டு. ஒருநாள் டீச்சர் அவர்களில் ஒருவரை நோயாளியாக உட்கார வைத்து, ஆபரேஷனுக்கு முன்னால் கேட்கிற கேள்வியை இங்கிலீஷில் கேட்டார். ராத்திரியிலிருந்து எதுவும் சாப்பிடலையே? அந்த அக்கா "யெஸ்" என்றார். டீச்சர், "சரி, ஆபரேஷன் கேன்சல்" என்றார்.

நாங்கள் யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் யாருக்கும் புரியவில்லை. சாப்பிடலையே என்று தமிழில் கேட்டால் "ஆமாம்மா, சாப்பிடல" என்போம். கேட்டவர் சொன்னது சரி என்று ஆமாம் போடுகிறோம். இங்கிலீஷில் யெஸ், நோ இரண்டும் கேட்டவரைப் பார்ப்பதில்லை, நடந்ததைப் பார்க்கின்றன. சாப்பிட்டிருந்தால் யெஸ், சாப்பிடாவிட்டால் நோ. கேள்வியை எப்படித் திருப்பிக் கேட்டாலும் அதே பதில்தான். வெறும் யெஸ் என்று ஒரு நோயாளி சொன்னால் அவர் சாப்பிட்டுவிட்டார் என்று ஆகிறது. வயிற்றில் சோறு இருக்கும்போது மயக்க மருந்து கொடுத்தால் அது மேலேறி நுரையீரலுக்குள் போகலாம் என்று அந்த அக்காவே எங்களுக்கு விளக்கினார். டீச்சர் சொன்ன வழி: வெறும் யெஸ், நோவோடு நிறுத்தாதே, பின்னாலேயே முழு வாக்கியத்தையும் சொல். நோ, ஐ ஹாவன்ட். நோயாளி வெறும் யெஸ் என்று சொன்னால் கேள்வியைத் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை கேள். கடைசியாக எப்போது சாப்பிட்டீங்க என்று கேட்டுவிட்டால் சிக்கலே கிடையாது.

நான் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பழைய மெயில்களைத் தோண்டிப் பார்த்தேன். "ஹாவன்ட் யூ ஃபைல்டு தி ஷிப்பிங் பில்?" என்ற கேள்விக்கு "யெஸ் சார்" என்று நான் அனுப்பிய பதில்கள் மட்டும் நான்கு இருந்தன. நான்கிலும் இன்னும் ஃபைல் பண்ணவில்லை என்றுதான் சொல்ல நினைத்திருந்தேன்.

பி.எல்.லில் செட் டு கன்டெய்ன் என்று ஒரு தொடர் வரும். இதை ஆயிரம் தடவை டைப் செய்திருப்பேன், அர்த்தம் கேட்டால் வாய் வராது. டீச்சருக்குக் கப்பல் தொழில் தெரியாது. ஆனால் ஒரு கேள்வி கேட்டார். "சீல் வெச்ச பெட்டிக்குள்ள நானூறு கார்ட்டன் இருக்குன்னு கப்பல்காரருக்கு எப்படித் தெரியும்?" தெரியாது, ஷிப்பர் சொன்னதை வைத்து எழுதுகிறார். "அப்ப தமிழ்ல எப்படிச் சொல்வே?" உள்ளே நானூறு கார்ட்டன் இருக்காம். அவ்வளவுதான்! சொல்லின் கடைசியில் வருகிற அந்த "ஆம்" ஒன்று போதும். நான் பார்க்கவில்லை, சொன்னார்கள், பொறுப்பு சொன்னவருடையது. லைன்காரன் தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள மூன்று சொல் போட்டு எழுதுவதை நம் பாட்டிகள் ஒரு விகுதியில் முடித்துவிடுகிறார்கள். அன்று இரவு மெட்ரோவில் வரும்போது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். என்னிடம் இல்லாத ஒன்றை இவர் தருகிறார் என்று நினைத்துப் போனேன், ஏற்கெனவே இருப்பதைத்தான் எடுத்து எடுத்துக் காட்டுகிறார்.

புட் ஆஃப், புட் அப் வித், புட் டவுன் வகையறாவை எல்லா இடத்திலும் பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். இங்கே டீச்சர் முதலில் எங்களைத் தமிழில் ஒரு பட்டியல் போடச் சொன்னார். போட்டுவிட்டான், போட்டுக்கொண்டான், போட்டுக்கொடுத்தான், போட்டு வாங்கினான், போட்டுத் தாக்கினான். "போட்டுக்கொடுத்தான்ல போடுறதும் இல்ல, கொடுக்கறதும் இல்ல. புதுசா தமிழ் கத்துக்கற ஒரு இந்திக்காரருக்கு இதை எப்படிச் சொல்லித் தருவே?" என்று கேட்டார். எங்களால் முடியவில்லை. ஒரு சம்பவத்தைச் சொல்லித்தான் விளக்க முடிந்தது. முதலாளியிடம் போய்க் கூட வேலை செய்கிறவனைப் பற்றிச் சொல்வது. "அதே மாதிரி நீங்களும் சம்பவத்தோட சேர்த்து எடுத்துக்கங்க, தனித்தனியா உடைக்காதீங்க." அதிலிருந்து நோட்டில் ஒவ்வொன்றுக்கும் நேரே அர்த்தம் எழுதுவதில்லை, எந்த மெயிலில் யார் எதற்காக எழுதினார்கள் என்று எழுதுகிறேன்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஹாட் தி வெசல் பெர்த்டு ஆன் டைம் என்று ஆரம்பித்தால் கேள்வி கிடையாது, இஃப் மறைந்திருக்கிறது, "வந்திருந்தால்" என்று படி. பை ஃப்ரைடே என்றால் வெள்ளிக்குள், டில் ஃப்ரைடே என்றால் வெள்ளி வரை. நாட் அன்டில் என்று வந்தால் "பிறகுதான்" என்பதில் உள்ள தானைப் போட்டுப் பார். ஐ டோன்ட் திங்க் ஹி வில் கம் என்பதில் இல்லை என்பது நினைப்போடு ஒட்டியிருந்தாலும் தமிழில் அது வரமாட்டாரில்தான் இறங்கும். யூ காண்ட் பி டூ கேர்ஃபுல் என்பதற்கு மட்டும் இரண்டு வகுப்பு ஆனது. அளவுக்கு மீறிக் கவனமாக இருக்காதே என்றுதான் எங்களில் பத்துப் பேர் எழுதியிருந்தோம். எவ்வளவு கவனமாக இருந்தாலும் அது அதிகமாகாது என்பதே பொருள். டேபிள் என்ற வினை பிரிட்டனில் விவாதத்துக்கு எடுத்துவைப்பதையும், அமெரிக்காவில் தள்ளிவைப்பதையும் குறிக்கும், அதனால் எந்த ஊர் மெயில் என்று கையெழுத்தைப் பார்த்துவிட்டுப் படி என்றார்.

இனி குறைகள். இருக்கின்றன, சேர நினைப்பவர்கள் தெரிந்துகொண்டு போவது நல்லது.

பேச்சுப் பயிற்சி மிகக் குறைவு. வாசிப்பதும் எழுதுவதும்தான் டீச்சரின் பலம். உச்சரிப்பைத் திருத்துவார், ஆனால் வெளிநாட்டுக்காரர் வேகமாகப் பேசுவதைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் பயிற்சி இல்லவே இல்லை. எனக்கு மெயில்தான் என்பதால் சமாளிக்கிறேன். நர்ஸ் அக்காக்கள் அதற்கு வேறு இடம் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கிக் கொடுக்கிறோம் டீச்சர் என்று சொன்னோம், "பாக்கலாம்" என்றதோடு நிற்கிறது.

பாடத்திட்டம் கிடையாது. யார் என்ன வாக்கியம் கொண்டுவருகிறார்களோ அதுதான் அன்றைய பாடம். இதனால் அடிப்படையே தெரியாமல் வருகிறவர்கள் தவித்துப்போகிறார்கள். இரண்டு மாதத்தில் டென்ஸ் முழுதாக ஒரு தடவைகூட வரவில்லை என்று ஒரு பையன் நின்றுவிட்டான். அவன் சொன்னது நியாயம்தான். எளிய வாக்கியம் எழுதத் தெரிந்து, சிக்கலான இடத்தில் தடுமாறுகிறவர்களுக்கு மட்டும்தான் இந்த வகுப்பை நான் சொல்வேன்.

கொடுக்கிற ஜெராக்ஸ் தாள்கள் பழையவை, பாதி எழுத்து மங்கியிருக்கிறது. படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். மழை பெய்தால் ஷீட் சத்தத்தில் டீச்சர் குரல் கேட்காது. போன ஐப்பசியில் இரண்டு வகுப்பு அப்படியே போனது. ஏழு இருபதுக்குக் கதவைச் சாத்திவிடுவார், கட்ஆஃப் நாளில் (கப்பலுக்குச் சரக்கையும் காகிதத்தையும் கொடுக்கக் கடைசி நாள்) ஓடிவந்தும் நான் மூன்று தடவை வெளியே நின்றிருக்கிறேன். வேலைக்குப் போகிறவர்கள்தான் வருகிறோம், இதில் கொஞ்சம் இளகலாம். சர்ட்டிஃபிகேட் தருவதில்லை.

ஒரு விஷயத்தில் டீச்சரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. டூ தி நீட்ஃபுல் என்று எழுதக்கூடாது என்கிறார். ஒரு காலத்தில் இங்கிலாந்து ஆபீஸ்களிலும் புழங்கிய தொடர்தான், இப்போது நம் நாட்டிலும் பக்கத்து நாடுகளிலும்தான் அதிகம் மிச்சமிருக்கிறது, வெளியே இருப்பவருக்கு என்ன செய்யச் சொல்கிறோம் என்றே விளங்காது என்பது அவர் வாதம். வெளிநாட்டு மெயிலுக்கு அது சரி. அங்கே இப்போது "சீல் நம்பரைத் திருத்தி நாளை பன்னிரண்டுக்குள் அனுப்பவும்" என்று நேராக எழுதுகிறேன், பதிலும் சீக்கிரம் வருகிறது. ஆனால் லிங்கி செட்டித் தெருவிலிருந்து தம்பு செட்டித் தெருவுக்குப் போகிற மெயிலில் அந்தத் தொடர் இருந்தால் எல்லாருக்கும் புரிகிறது, மரியாதையாகவும் இருக்கிறது. அதைத் தப்பு என்று சிவப்பு மை போடுவது எனக்கு உடன்பாடில்லை. டீச்சரிடமே சொன்னேன். "சரிப்பா, யாருக்கு எழுதறேன்னு தெரிஞ்சு எழுதினா போதும்" என்றார். சிவப்பு மையை மட்டும் விடவில்லை.

எட்டு மாதத்தில் என்ன மாறியது என்று கேட்டால், ஒன்றைச் சொல்லலாம். புரியாத இடத்தில் நிற்கப் பழகியிருக்கிறேன். முன்னெல்லாம் புரியாத வரியைக் கண்டால் வெட்கமாக இருக்கும், தாண்டிப் போய்விடுவேன். இப்போது அந்த வரியை நோட்டில் எழுதிக்கொண்டு, லைன்காரருக்கே போன் செய்து "சார், ரெண்டு பாக்ஸ் போகலைன்னு எடுத்துக்கலாமா?" என்று கேட்டுவிடுகிறேன். ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை. போன மாதம் எங்கள் மேனேஜரே ஒரு காப்பீட்டுக் கடிதத்தை எடுத்து வந்து, வித்தவுட் ப்ரெஜுடிஸ் என்றால் என்ன என்று கேட்டார். அவர் பாரபட்சம் இல்லாமல் என்று நினைத்திருந்தார். பணம் தருவதாகச் சொல்கிறார்கள், அதை வைத்துத் தப்பு எங்களுடையதுதான் என்று நாளைக்கு கோர்ட்டில் சொல்லக்கூடாது என்று பொருள் சார் என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முழுக் கடிதத்தையும் இரண்டு பேருமாகப் பென்சிலோடு படித்தோம்.

சேர விரும்புகிறவர்கள் மாதத்தின் முதல் திங்கட்கிழமை போங்கள். மாவு மில்லில் கேட்டால் மாடியைக் காட்டுவார்கள். பதினான்கு நாற்காலிக்கு மேல் ஆள் எடுப்பதில்லை, அதனால் ஏழு மணிக்கே போய்விடுவது நல்லது. வெறுங்கையோடு போகாதீர்கள். உங்களைச் சிக்க வைத்த ஒரு வாக்கியத்தைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். டீச்சர் பெயர் கேட்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்பார்.